கட்டாயத் தடுப்பூசி விதியைத் தொழிற்சங்கம் எப்படி எதிர்க்கிறது? டொராண்டோ போக்குவரத்துத் தொழிலாளர் வழக்கின் வழியே ஓர் அறிமுகம்

2021ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், கனடாவின் டொராண்டோ மாநகரில் பேருந்து, ட்ராம், சுரங்க ரயில் ஆகியவற்றை இயக்கும் பொதுத்துறை நிறுவனமான டி.டி.சி., கொரோனா தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்டதற்குச் சான்று தராத ஊழியர்களை ஊதியமில்லா விடுப்பில் அனுப்பத் தொடங்கியது. டிசம்பர் 31ஆம் நாளுக்குள்ளும் அவர்கள் போட்டுக்கொள்ளாவிட்டால் வேலையையே இழப்பார்கள் என்று நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஓட்டுநர்களையும் பழுதுபார்ப்போரையும் நிலைய ஊழியர்களையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 12,000 பேரின் சங்கமான ஒன்றிணைந்த போக்குவரத்துத் தொழிற்சங்கத்தின் 113ஆம் கிளை, விதி நடைமுறைக்கு வருமுன்பே இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றிருந்தது. டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அந்தப் பேருந்துகளில் பயணம் செய்வோரிலும் அவற்றை ஓட்டுவோரிலும் நம்மவர்கள் இருப்பதால், இந்த வழக்கு தமிழ் வீடுகளிலும் பேசப்பட்ட ஒன்றுதான்.

பேசிய பலர் இதைத் தடுப்பூசி நல்லதா கெட்டதா என்ற விவாதமாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் இந்த வழக்கின் சாரம் நம் கைக்கு வராமலே போய்விடும் என்பது என் உறுதியான கருத்து. சங்கத் தலைமை தடுப்பூசியை எதிர்க்கவில்லை. உறுப்பினர்கள் அதைப் போட்டுக்கொள்வது நல்லது என்றே சொல்லிவந்தது. அது கேட்ட கேள்வி வேறு: சங்கம் உள்ள ஒரு பணியிடத்தில், பேச்சுவார்த்தையில் இடம்பெறாத புதிய விதி ஒன்றை நிர்வாகம் தன்னிச்சையாகக் கொண்டுவந்து, அதை மீறுவோரை வேலையைவிட்டு நீக்க முடியுமா? முடியும் என்றால் எதுவரை முடியும், அந்த எல்லையை யார் வரைவது?

விதி வந்த வழியை முதலில் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் டொராண்டோ மாநகராட்சி தன் ஊழியர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதாக அறிவித்தபோது, டி.டி.சி.யும் அதே பாதையில் சென்றது. ஊழியர்கள் தங்கள் தடுப்பூசி நிலையை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் படி. குறிப்பிட்ட நாளுக்குள் இரண்டு தவணைகளையும் முடிக்க வேண்டும் என்பது அடுத்த படி. முடிப்பதற்கான கெடு அக்டோபர் இறுதியில் இருந்து நவம்பர் 20 வரை நீட்டிக்கப்பட்டது. சங்கம் தொடக்கத்தில், தடுப்பூசி நிலை தனிப்பட்ட மருத்துவத் தகவல் என்பதால் அதை நிர்வாகத்திடம் வெளியிட வேண்டாம் என்று உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. பின்னர் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டுச் சட்ட வழிக்குத் திரும்பியது.

இவ்வளவு கடுமையான எதிர்ப்பு இருந்தும் சங்கம் ஏன் வேலைநிறுத்தத்தில் இறங்கவில்லை என்று கேட்பது இயல்பே. இந்தியாவிலோ இலங்கையிலோ தொழிற்சங்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சங்கம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வேலைநிறுத்தம்தான். ஆனால், டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலம் முழுவதும் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் சட்டவிரோதம். டி.டி.சி. ஊழியர்களுக்கு இதற்கும் மேலான ஒரு தடை அப்போது இருந்தது: 2011இல் மாகாண அரசு இயற்றிய தனிச் சட்டம், ஒப்பந்தம் காலாவதியான பிறகும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்றது. அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று ஒன்டாரியோ உயர்நிலை நீதிமன்றம் அறிவித்தது 2023இல்தான். 2021இல் அது முழு வலிமையோடு இருந்தது.

வேலைநிறுத்த உரிமையை ஒப்பந்தக் காலத்துக்கு ஒத்திவைப்பதற்கு ஈடாகச் சட்டம் தொழிலாளர்களுக்கு ஒரு வழியைத் தருகிறது. அதற்கு நடுவர் முறை என்று பெயர். ஒப்பந்தம் மீறப்பட்டது என்றோ, நிர்வாகம் நியாயமின்றி நடந்துகொண்டது என்றோ சங்கம் கருதினால் எழுத்துமூலமாக முறையீடு ஒன்றைத் தொடுக்கும். பேசித் தீராதபோது அது இரு தரப்பும் ஏற்கும் நடுவர் ஒருவரிடம் செல்லும். அவர் சாட்சியங்களைக் கேட்டு அளிக்கும் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நீக்கப்பட்டவரை மீண்டும் வேலையில் அமர்த்தும்படியும், இழந்த ஊதியத்தை வழங்கும்படியும் உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்கு உண்டு. கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து எழும் பிணக்குகளைச் சாதாரண நீதிமன்றங்கள் விசாரிக்காமல் நடுவரிடமே விட்டுவிட வேண்டும் என்பதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் திட்டவட்டமாக நிலைநாட்டியிருக்கிறது.

நிர்வாகம் தன்னிச்சையாகக் கொண்டுவரும் ஒரு விதியை நடுவர் எந்த அளவுகோலால் அளக்கிறார் என்பதே இந்தத் துறையின் மையப் பாடம். அந்த அளவுகோல் பிறந்தது எஸ்பனோலா என்ற சிற்றூரில் இருந்த ஒரு காகித ஆலையில். ஆலையை நடத்திய கே.வி.பி. நிறுவனம் ஒரு விதி வைத்திருந்தது: கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற ஆணை பெற்று ஒரு தொழிலாளியின் சம்பளத்தை ஒருமுறைக்கு மேல் பற்றுகை செய்தால் அவர் வேலையை இழப்பார். அந்த விதியின்படி ஒருவர் நீக்கப்பட, வழக்கு நடுவரிடம் சென்றது. 1965இல் வந்த அந்தத் தீர்ப்பு, நிர்வாகம் ஒருதலையாக இயற்றும் விதிக்குச் சில நிபந்தனைகளை வகுத்தது. விதி கூட்டு ஒப்பந்தத்துக்கு முரணாக இருக்கக்கூடாது; நியாயமற்றதாக இருக்கக்கூடாது; ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்க வேண்டும்; நடைமுறைக்கு வருமுன் தொழிலாளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்; மீறினால் வேலை போகலாம் என்பதும் அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும்; எல்லாரிடமும் ஒரே சீராக அமல்படுத்தப்பட வேண்டும். சம்பளப் பற்றுகைக்காக எழுதப்பட்ட இந்த நிபந்தனைகள்தாம் அறுபது ஆண்டுகளாகக் கனடாவின் பணியிட விதிகள் அனைத்துக்கும் உரைகல்லாக இருந்துவருகின்றன.

இவற்றில் பெரும்பாலான சண்டை நடப்பது 'நியாயமற்றதாக இருக்கக்கூடாது' என்ற நிபந்தனையின் மீதுதான். அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதை 2013இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்த இர்விங் காகித ஆலை வழக்கு விளக்குகிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள அந்த ஆலை, ஆபத்து மிகுந்த பணிகளில் இருப்பவர்களை முன்னறிவிப்பின்றித் தெரிவுசெய்து மூச்சுக்காற்றில் மது இருக்கிறதா என்று சோதிக்கும் விதியை 2006இல் கொண்டுவந்தது. ஆலை ஆபத்தான இடம் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், பதினைந்து ஆண்டுகளில் மது தொடர்பாகப் பதிவான நிகழ்வுகள் எட்டு மட்டுமே. இவ்வளவு சிறிய சிக்கலுக்காக அந்தப் பணிகளில் இருந்த தொழிலாளர்களின் உடல் சார்ந்த அந்தரங்கத்தில் தலையிடுவது தகாது என்ற நடுவரின் முடிவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பணியிடம் ஆபத்தானது என்று சொன்னால் மட்டும் போதாது. இந்த இடத்தில் இப்போது உண்மையில் என்ன ஆபத்து இருக்கிறது, இந்த விதி அதை எவ்வளவு குறைக்கும், தொழிலாளியின் உரிமையை இதைவிடக் குறைவாகத் தொடும் வேறு வழி இல்லையா என்ற கேள்விகளுக்கும் நிர்வாகம் பதில் வைத்திருக்க வேண்டும்.

தடுப்பூசி விதியை இந்தத் தராசில் வைத்தால் இரு தட்டுகளிலும் கனம் இருப்பது தெரியும். ஒன்டாரியோவின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியைக் காக்கச் சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுக்கும்படி முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. பேருந்தை வீட்டிலிருந்து ஓட்ட முடியாது. மூடிய வாகனத்துக்குள் ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கிறார். பணிமனையிலும் ஓய்வறையிலும் ஊழியர்கள் ஒருவரோடொருவர் நெருங்கியே இருக்கிறார்கள். மறுபக்கத்தில், தன் உடலுக்குள் செலுத்தப்படும் மருந்தைப் பற்றிய முடிவு தன்னுடையது என்ற உரிமை கனடாவின் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது. பயணிகளிடம் யாரும் தடுப்பூசிச் சான்று கேட்காதபோது ஓட்டுநரிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்ற மனக்குறையும் இருந்தது. அந்தக் குறையை நான் புறந்தள்ள மாட்டேன். ஆனால் அது நிர்வாகத்தின் வாதத்தை வீழ்த்திவிடாது. பயணி ஏறி இறங்கிப் போகிறார், ஊழியரோ மணிக்கணக்கில் அதே இடத்தில் இருக்கிறார் என்பதோடு, பயணியின்மீது இல்லாத சட்டப் பொறுப்பு ஊழியரின்மீது முதலாளிக்கு இருக்கிறது.

நடுவரின் தீர்ப்பு வர மாதங்கள் ஆகும். அதுவரை என்ன செய்வது? கனடாவின் தொழில் உறவுகளில் இதற்கு ஒரு பழைய நெறி உண்டு: இப்போது கீழ்ப்படி, பிறகு முறையிடு. விதி தவறானது என்று தோன்றினாலும் தொழிலாளி முதலில் அதன்படி நடந்துவிட்டுப் பிறகு பரிகாரம் தேட வேண்டும். சீருடை பற்றிய விதிக்கோ வருகைப் பதிவு பற்றிய விதிக்கோ இந்த நெறி பொருந்தும். தவறென்று தீர்ப்பானால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். தடுப்பூசி அப்படிப்பட்டதன்று. போட்டுக்கொண்ட பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நடுவர் தீர்ப்பளிக்கும் வரை விதியை நிறுத்திவைக்குமாறு சங்கம் ஒன்டாரியோ உயர்நிலை நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்டது.

இடைக்காலத் தடை வழங்குமுன் கனடா நீதிமன்றங்கள் மூன்று கேள்விகளைக் கேட்கும். விசாரிக்கத்தக்க உண்மையான பிரச்சினை ஒன்று இருக்கிறதா? தடை தராவிட்டால் பின்னர் ஈடுசெய்யவே முடியாத கேடு விளையுமா? தடை கொடுப்பதால் வரும் சங்கடம் பெரிதா, கொடுக்காததால் வரும் சங்கடம் பெரிதா? வழக்கை விசாரித்த நீதிபதி அக்பரலி, கெடு முடியும் தறுவாயில் சங்கத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தார். மனு முக்கியமாகத் தடுக்கி விழுந்தது இரண்டாவது கேள்வியில். எந்த ஊழியருக்கும் பலவந்தமாகத் தடுப்பூசி போடப்படவில்லை என்றது நீதிமன்றம். போட்டுக்கொண்டு ஊதியத்தைத் தொடர்வது, அல்லது போட்டுக்கொள்ளாமல் ஊதியத்தை இழப்பது என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலையில்தான் அவர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். போட்டுக்கொள்ளாதவருக்கு நேரும் கேடு வேலை இழப்பு. வேலை இழப்பை நடுவர் பின்னர் பணத்தாலும் மீள்நியமனத்தாலும் சரிசெய்துவிட முடியும். ஆகையால் அது ஈடுசெய்ய முடியாத கேடு ஆகாது. மூன்றாவது கேள்வியிலும், பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர், பயணிகள் ஆகியோரின் நலனைக் காக்கும் தட்டே தாழ்ந்தது.

சட்டத்தின் கட்டமைப்புக்குள் இந்தத் தீர்ப்பு பிசகற்றது என்றே நினைக்கிறேன். ஆயினும், மாதச் சம்பளத்தை நம்பி வாடகையும் பிள்ளைகளின் செலவும் இருக்கும் வீட்டில் அந்தத் தெரிவு எவ்வளவு குறுகியது என்பதை அந்தக் கட்டமைப்பு கண்டுகொள்வதில்லை. வேலை போய்விடும் என்ற அச்சத்தால் விருப்பமில்லாமல் போட்டுக்கொண்டவருக்கு நடுவர் எந்தப் பரிகாரத்தைத் தருவார்? அவர் ஊதியம் எதையும் இழக்கவில்லை. ஆகவே கணக்கில் அவருக்கு இழப்பே இல்லை. சங்கத்தின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுதான். அது வெல்லவில்லை என்பதால் வலுவற்றது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

இந்தத் தள்ளுபடியைப் பற்றிப் பரவலான தவறான புரிதல் ஒன்று உண்டு. தடுப்பூசி விதி நியாயமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் நுழையவே இல்லை. நுழைவது அதன் வேலையும் இல்லை. விதியை இடையில் நிறுத்த மாட்டோம் என்று மட்டுமே அது சொன்னது. விதியின் நியாயத்தைப் பற்றிய விசாரணை நடுவருக்குரியதாகவே எஞ்சியது.

நடுவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதை அறிய அதே 2021 நவம்பரில், இரண்டு நாள் இடைவெளியில் ஒன்டாரியோவில் வெளிவந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பாராகன் என்ற காவலர் நிறுவனத்தின் கட்டாயத் தடுப்பூசி விதி நியாயமானது என்று ஒரு நடுவர் ஏற்றார். அந்தக் காவலர்கள் பல்வேறு வாடிக்கையாளர்களின் இடங்களில் பொதுமக்களோடு நேருக்குநேர் பணியாற்றினார்கள்; தடுப்பூசி கேட்கும் இடத்துக்கு அனுப்பப்படும் காவலர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பொருளுடைய பிரிவு அவர்களின் கூட்டு ஒப்பந்தத்திலேயே பெருந்தொற்றுக்கு முன்பிருந்து இருந்தது. மின் பாதுகாப்பு ஆணையத்தின் விதியோ நியாயமற்றது என்று மற்றொரு நடுவர் தீர்த்தார். அங்கே பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். தொற்று பரவிய வரலாறு அந்தப் பணியிடத்தில் இல்லை. தடுப்பூசி போடாதவர் தொடர்ந்து பரிசோதனை செய்துகொள்ளலாம் என்ற முந்தைய ஏற்பாடு சிக்கலின்றி நடந்துவந்தது. இவ்விரண்டையும் முரண்பட்ட தீர்ப்புகள் என்று சொல்வது பிழை. ஒரே அளவுகோல் இரண்டு வேறுபட்ட பணியிடங்களில் வைக்கப்பட்டது, அவ்வளவே. மேற்சொன்ன சூழலைப் பார்த்தால் பேருந்து ஓட்டுநரின் வேலை முதலாவதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், தடுப்பூசியைக் கேட்பது நியாயம் என்பதால் கேட்டும் போட்டுக்கொள்ளாதவரை வேலையைவிட்டு நீக்குவதும் நியாயமாகிவிடுமா? இவை இரண்டு தனிக் கேள்விகள். பின்னாளில் வந்த தீர்ப்புகளில் என் மனத்தை மிகவும் ஈர்த்தது இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஒன்று. டொராண்டோ மாநகராட்சியின் தீயணைப்பு வீரர்களின் சங்கம் தொடுத்த வழக்கில் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நடுவர், இரண்டு தவணைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது நியாயமானது என்றார். அதை மறுத்தவர்களை ஒழுங்கு நடவடிக்கையாக இடைநீக்கம் செய்ததும் பணிநீக்கம் செய்ததும் நியாயமற்றவை என்றார். தண்டனை என்ற தன்மை இல்லாத ஊதியமில்லா விடுப்பு பணியிடத்தைக் காக்கப் போதுமானதாக இருந்திருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஊதியமில்லா விடுப்பும் பணிநீக்கமும் ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டிலும் சம்பளம் இல்லையே! தொழிலாளிக்கு அவை வெவ்வேறு. விடுப்பில் இருப்பவரின் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. அவருடைய பணிமூப்பு அழிவதில்லை. போக்குவரத்துத் துறையில் பணிமூப்பு என்பது வெறும் எண் அன்று. எந்த வழித்தடத்தை ஓட்டுவது, காலைப் பணியா இரவுப் பணியா, வார இறுதியில் வீட்டில் இருக்க முடியுமா என்பவை எல்லாம் அதன் வரிசைப்படியே தெரிவுசெய்யப்படுகின்றன. இருபது ஆண்டுகள் ஓட்டிச் சேர்த்த அந்த இடத்தைப் பணிநீக்கம் ஒரே நாளில் அழித்துவிடும். தொற்று ஆபத்து கடந்துபோகக் கூடியது. அதற்கான நடவடிக்கையும் கடந்துபோகக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் பின்னுள்ள நியாயமாக எனக்குப் படுகிறது.

காலம் மாறினால் நியாயமும் மாறலாம். 2021 நவம்பர் இறுதியில் ஒமிக்ரான் வகைத் தொற்று கனடாவுக்குள் வந்தது. இரண்டு தவணைகள் மட்டும் போட்டவர்களையும் அது பெருமளவில் தொற்றியது. வின்ட்சர் நகரின் கார் ஆலை தொடர்பான வழக்கில் 2022 ஜூனில் தீர்ப்பளித்த நடுவர், இரண்டு தவணை விதி கொண்டுவரப்பட்டபோது நியாயமாக இருந்தது என்றும், தவணை முடிந்து மாதங்கள் கடந்த நிலையில் அது ஒமிக்ரான் பரவலைத் தடுக்கும் என்பதற்கு அடிப்படை இல்லாததால் அந்த மாத இறுதியிலிருந்து அது நியாயமற்றதாகிவிட்டது என்றும் கூறினார். ஒருமுறை எழுதிவிட்டோம் என்பதற்காக ஒரு விதியை நிர்வாகம் அப்படியே வைத்திருக்க முடியாது. அறிவியல் நகரும்போது விதியும் கூடவே நகர வேண்டும்.

சங்கத்தின் உள்ளே இருந்த இக்கட்டையும் சொல்லியாக வேண்டும். 113ஆம் கிளையின் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். போடாத சக ஊழியரோடு வேலை செய்ய அஞ்சியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சிறுபான்மையினருக்காகச் சந்தாப் பணத்தைச் செலவழித்து ஏன் வழக்காட வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒன்டாரியோ சட்டம் சங்கத்தின்மீது நியாயமான பிரதிநிதித்துவக் கடமையைச் சுமத்துகிறது: எந்த உறுப்பினரையும் தன்னிச்சையாகவோ பாகுபாட்டோடோ தீய எண்ணத்தோடோ நடத்தக்கூடாது. எல்லா முறையீட்டையும் இறுதிவரை நடத்த வேண்டும் என்பது இதன் பொருள் அன்று; பெரும்பான்மைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவரைக் கைவிடக்கூடாது என்பதே பொருள். இதோடு, மருத்துவக் காரணத்தாலோ சமய நம்பிக்கையாலோ போட்டுக்கொள்ள இயலாதவர்களுக்கு மனித உரிமைச் சட்டத்தின்படி விலக்கு கேட்கும் உரிமை தனியாக உண்டு. வெறும் தனிப்பட்ட விருப்பம் அந்த விலக்குக்குள் வராது என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2021 செப்டம்பரிலேயே விளக்கியிருந்தது.

டி.டி.சி.யில் நடந்தது இதுதான்: ஆள் பற்றாக்குறையால் 2021 நவம்பரில் சில வழித்தடங்களில் சேவை குறைக்கப்பட்டது, ஆண்டின் இறுதியில் சில நூறு ஊழியர்கள் வேலையை இழந்தார்கள், 2022 நவம்பர் 27ஆம் நாள் நிர்வாகமே அந்த விதியை விலக்கிக்கொண்டு, நீக்கப்பட்டவர்கள் திரும்பி வர வழிவிட்டது. விதி போய்விட்டதால் பிணக்கும் முடிந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. நடுவர் ஒரு விதியை அது செயல்பட்ட காலத்தின் நிலைமையை வைத்தே எடைபோடுவார். ஆகவே, விலக்கிக்கொள்ளப்பட்ட விதியின் கீழ் ஒருவர் இழந்த மாதங்களின் ஊதியமும், அந்த மாதங்களுக்கான ஓய்வூதியக் கணக்கும், பதிவேட்டில் எழுதப்பட்ட பணிநீக்கம் என்ற குறிப்பும், விதி நீங்கிய பிறகும் முறையீட்டின் வழியே கேட்கப்படக் கூடியவையே.